இசக்கியம்மாளின் தலை

அடியெல்லாம் படவில்லை அக்கா, பயப்படாதீர்கள். கழுத்து எலும்பு தேயவும் இல்லை, பைக்கில் இருந்து விழவும் இல்லை. கோவில்பட்டியில் ஏறினதிலிருந்து என் கழுத்துப் பட்டையையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள், கேட்கவும் தயங்குகிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இதைப் பழக்கத்துக்காகப் போட்டிருக்கிறேன். புதுச் செருப்பு வாங்கினால் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி. கழற்றிவிட்டு நிம்மதியாக உட்கார் என்கிறீர்களா? வேண்டாம். பேசும்போதுதான் இது முக்கியமாக வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்தது இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததும் இல்லை. எங்கள் கம்பெனியில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள், அவளுக்கு நடந்தது. எனக்குப் போனில் சொன்னாள். அதுவும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பாதி சொல்லும்போதே சிரிப்பாள், நானும் சிரிப்பேன், மீதி மறுநாள் வரும். ஆகவே அங்கங்கே நானே ஒட்டுப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒட்டுப் போட்ட இடம் வந்தால் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கின முதல் ஆள் நான்தான். அதிலிருந்து எனக்கு ஒரு பயம், எதையாவது கூட்டிச் சொல்லி மாட்டிக்கொள்வேனோ என்று.

வேலை என்னவென்று கேட்டால் சொல்வதற்குத்தான் கஷ்டம். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் இருந்து வந்ததும் தினமும் போனில் கேட்பாள். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடு. அங்கே சின்னப் பிள்ளைகள் சிச்சேவா என்ற மொழியில்தான் முதலில் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எத்தனை பிள்ளைக்கு நிஜமாகவே வாசிக்க வருகிறது என்று ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு சென்னைக்கு வரும். அதில் பிசகு இருக்கிறதா என்று நான் சரிபார்ப்பேன். இவ்வளவையும் சொன்னால் அம்மா, "ஏன்டா, அங்க வாத்தியாரே இல்லையா?" என்கிறாள். இருக்கிறார் அம்மா, நிறைய இருக்கிறார். "அப்ப நீ எதுக்கு?" என்று அடுத்த கேள்வி வரும்.

இசக்கியம்மாளைப் போன ஜூனில் அங்கே அனுப்பினார்கள். ஸோம்பா என்று ஒரு மலையடிவார ஊர். ஜூன் மாதம் அங்கே நல்ல குளிர். இவள் வள்ளியூர்க்காரி, குளிர் என்றால் குற்றாலத்தோடு சரி. ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, கைக்கு உறை. உடம்பில் தலை மட்டும்தான் வெளியே தெரியும் என்றாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. தலை மட்டும்தான் வெளியே.

சோதனை எப்படி நடக்கும் என்றால், ஒரு மேசை. ஒரு பக்கம் பிள்ளை, எதிரே சோதிக்கிறவர். பிள்ளை முன்னால் ஒரு தாள், அதில் பெரிது பெரிதாக எழுத்துகள். நம்ம மாதிரி வளைவு சுழிவு இல்லை, இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் ஒரு எழுத்துக்கு ஒரே ஒலி. ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை எழுத்தைச் சொல்கிறது பிள்ளை, அதுதான் கணக்கு. தப்பாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் தானே திருத்திக்கொண்டால் அதையும் சரி என்றே போட வேண்டும். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறைய வைக்கச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. சோதிக்கிறவர் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. பிள்ளை சரியாகச் சொன்னால் சபாஷ் கிடையாது, தப்பாகச் சொன்னால் உதட்டைப் பிதுக்கக் கூடாது. முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை அங்கே உள்ளவர்களுக்குப் பாடமாக எடுத்தது யார் தெரியுமா? சாட்சாத் இசக்கியம்மாள். ஒரு நாள் முழுக்க நின்று எடுத்திருக்கிறாள். "சுவர் மாதிரி! சுவர் மாதிரி!" என்று.

அவளிடம் பாடம் கேட்டவர்களில் ஒருத்தி சிகோண்டி. அவளும் நம்ம வயசுதான், அதாவது எங்கள் வயசு. அவள் வீட்டிலும் அவள்தான் முதல் படிப்பு. வாத்தியார் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, செப்டம்பரில் சேர வேண்டும். அதுவரை இந்த வேலை. பயிற்சியில் எல்லாரையும்விடச் சுவராக இருந்தது சிகோண்டிதான். அவள் எதிரே உட்கார்ந்து ஒரு பையன் மூக்கில் விரலைவிட்டுக்கொண்டு பாட்டே பாடினானாம். அவள் இமைக்கவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை ஆரம்பித்தது. இரண்டாம் வகுப்பே மாமரத்தடி, வராந்தா, கொட்டகை என்று பிரிந்து உட்கார்ந்திருக்கிற அளவுக்குக் கூட்டம். ஒரு வாரம் அங்கேயே. மூன்று அறையில் மூன்று பேர் சோதிக்கிறார்கள். சிகோண்டி அறையில் அவள் தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு இசக்கியம்மாள் உட்கார்ந்தாள். சிகோண்டி சரியாகக் குறிக்கிறாளா என்று பார்க்க.

முதல் நாள் கணக்கு சாயங்காலம் என் கைக்கு வந்தது. பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.

மற்ற இரண்டு அறையிலும் பிள்ளைகள் ஏதோ ஒன்றிரண்டைத் திருத்திக்கொள்கிறார்கள், எல்லா ஊரிலும் அப்படித்தான். சிகோண்டி அறையில் மட்டும் காலையில் பிள்ளைகள் சரியாகச் சொன்னதை எல்லாம் தப்பாக மாற்றுகிறார்கள். இடைவேளைக்குப் பிறகோ தப்பை எல்லாம் சரியாக மாற்றுகிறார்கள்! ஒவ்வொரு எழுத்தையும். தப்பு, தப்பு, சரி. அடுத்த எழுத்து. தப்பு, சரி. உலகத்திலேயே இவ்வளவு தன்னடக்கமான பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்பப் பார்த்துத் திருத்துகிற குணம் நம்ம ஆபீஸில் பெரியவர்களுக்கே கிடையாது.

கண்டுபிடித்தது நான்தான் அக்கா. பெருமைக்குச் சொல்லவில்லை. உடனே ஒரு மெயில் எழுதினேன், மூன்று தடவை அடித்துத் திருத்தி. 'இயல்புக்கு மாறாக இருக்கிறது, கவனிக்கவும்' என்று மட்டும். யார் பேரையும் போடவில்லை. அறை நம்பரை மட்டும் போட்டேன்.

அங்கே பொறுப்பாளர் கச்சாலே என்று ஒரு பெரியவர். நல்ல மனுஷர், ஆனால் முன்னால் போலீஸில் இருந்தவரோ என்று தோன்றும் என்பாள் இசக்கி. (இருந்தாரா என்று தெரியாது, அது அவள் யூகம்.) அவர் மெயிலைப் படித்ததும் இசக்கியை ஓரமாகக் கூப்பிட்டார். இங்கிலீஷில்தான் பேசினார்கள். அவர்கள் பேச்சு எல்லாவற்றையும் நம்ம பேச்சில் சொல்கிறேன், அது என் பொறுப்பு.

"அந்தப் பொண்ணு பிள்ளைங்களுக்கு உதட்டால சொல்லிக் குடுக்குது" என்றார்.

"சிகோண்டியா? அவ முகம் அசையவே அசையாதே சார்."

"நீ பின்னால உக்காந்திருக்க. உனக்கு முதுகுதான தெரியும்? நாளையிலேருந்து அவ உதட்டையே பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள உண்மை தெரியணும். திருட்டுத்தனம்னு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்புவேன். கல்லூரிக்கும் எழுதுவேன். பிள்ளைங்களுக்குப் பதில் சொல்லிக் குடுத்து ஏமாத்தினவ வாத்தியாரா வரக்கூடாது."

இதைக் கேட்டு இசக்கி அன்றைக்கு என்னிடம் போனில், "ஏல காளிராசு, அந்தப் பிள்ள அப்படிச் செய்யாதுல" என்றாள். நான், "கணக்கு பொய் சொல்லாது இசக்கி" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். நெட்வொர்க் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாளில் இருந்து வேவு. நாற்காலியைச் சிகோண்டிக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டாள். அவள் உதட்டைப் பார்க்க வேண்டும், பிள்ளை சொல்வதையும் காதில் வாங்க வேண்டும். சிகோண்டி உதடு அசையவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. தாளை நேராகப் பார்க்காமல் ஒருக்களித்து உட்கார்ந்தார்கள், இசக்கி பக்கமாக. அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினால் சூரியகாந்திப் பூ மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். 'பாவம், அந்நிய முகம், வேடிக்கை பார்க்குதுங்க' என்று இவள் நினைத்துக்கொண்டாள். மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

இன்னொரு கூத்து. மற்ற இரண்டு அறை வாசலிலும் வரிசையில் பிள்ளைகளே நிற்பதில்லை. நிற்க வைத்தால் நழுவி இந்த அறை வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு பையன் தன் பேரையே மாற்றிச் சொல்லி இரண்டாம் தடவை உள்ளே வரப் பார்த்தானாம். சோதனைக்கு இப்படி அடித்துப் பிடித்து வருகிற பிள்ளைகளை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாமெல்லாம் பரீட்சை என்றால் காய்ச்சல் வரவழைத்துக்கொண்ட ஆட்கள்.

கச்சாலே இதையும் சிகோண்டி கணக்கில் எழுதினார். "பாத்தியா, ஊரே பேசுது, அந்த அறைக்குப் போனா பதில் கிடைக்கும்னு."

வியாழக்கிழமை. இசக்கிக்கு ஒரு யோசனை. பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால்? சிகோண்டி முகம் நேருக்கு நேராகத் தெரியும், ஒரு துடிப்பும் தப்பாது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். சிகோண்டிக்கு எல்லாம் தெரியும். ஊர் முழுக்கப் பேசுகிறதே. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "இங்கேருந்து நல்லாத் தெரியுதா?" இசக்கிக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தோக்கோ என்று ஒரு பெண் பிள்ளை வந்தது. ஏழு வயசு இருக்கும், முன்பல் இரண்டும் இல்லை. உட்கார்ந்தது. தாளைப் பார்த்தது. சிகோண்டியைப் பார்த்தது. சிகோண்டிக்குப் பின்னால் பார்த்தது, அங்கே சுவர். பக்கத்தில் பார்த்தது, ஜன்னல். பிறகு நிதானமாக எழுந்து, நாற்காலியைச் சத்தம் வரும்படி திருப்பிப் போட்டு, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இசக்கிக்கு எதிரே உட்கார்ந்தது. கழுத்தை மட்டும் வளைத்துத் தாளில் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு, இசக்கியிடம் திரும்பி ஒலியைச் சொன்னது.

"தாளப் பாரும்மா" என்றாள் சிகோண்டி, அவர்கள் மொழியில்.

தோக்கோ பொறுமையாகப் பதில் சொன்னது. அதைக் கேட்டதும் நான்கு நாளாக அசையாத சிகோண்டியின் முகம் உடைந்தது. முதலில் கண், பிறகு மூக்கு, பிறகு மொத்தமும். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் இசக்கி. "ஏன் அழுற? சிகோண்டி, ஏன் அழுற?"

அழவில்லை. சிரிக்கிறாள்.

"தாள்ல எழுத்துதான் இருக்காம். பதில் அந்தத் தலையிலதான் இருக்காம்."

"எந்தத் தலை?"

"உங்க தலை."

பிறகு விசாரித்தால் எல்லாம் வெளியே வந்தது. தோக்கோ ஒளிவுமறைவு இல்லாமல் விளக்கியது, அதற்கு இதில் தப்பே தெரியவில்லை. முதல் நாள் காலையில் பிள்ளைகள் ஓர் எழுத்தைச் சரியாகச் சொன்னதும், பின்னால் உட்கார்ந்திருந்த அந்தச் சால்வைக்காரத் தலை இடமும் வலமும் ஆடியது. அவர்கள் ஊரில் அப்படி ஆடினால் 'இல்லை' என்று அர்த்தம். பாவம், தப்புப்போல என்று மாற்றிச் சொன்னார்கள். இடைவேளையில் கஞ்சி வாங்குகிற இடத்தில் பேசிக்கொண்டார்களாம். ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சொல்லியிருக்கிறது, 'எனக்கு நல்லாத் தெரிஞ்ச எழுத்துக்குத்தான் ஆடுது, தெரியாததுக்கு ஆடல.' கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆராய்ச்சி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தலை ஆடுகிறவரைக்கும் ஒவ்வொரு ஒலியாகச் சொல்லிப் பார்ப்பது, ஆடினால் அடுத்த எழுத்து. அவ்வளவுதான் பாடம்.

"நான் ஆட்டவே இல்லையே!" என்றாள் இசக்கி.

சிகோண்டி தாளை எடுத்தாள். "இது 'ம்' தான?" என்றாள். இசக்கி பேசாமல் இருந்தாள். தலை ஆடியது. "இது 'க'?" அது 'த'. தலை நின்றது. "இது 'த'?" ஆடியது. தோக்கோ கைகொட்டியது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள் இசக்கி.

சிகோண்டி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாளாம்: "பயிற்சியிலேயே எல்லாரும் பாத்தோம். 'சுவர் மாதிரி, சுவர் மாதிரி'ன்னு சொல்லிக்கிட்டே ஆட்டினீங்க. ஏதோ நரம்புக் கோளாறு போலன்னு நினைச்சோம். கேட்டா உங்க மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டோம். அறையில நான் உங்களுக்கு முதுகைக் காட்டியோ பக்கவாட்டிலயோதான இருந்தேன்? பிள்ளைங்க அதப் படிக்குதுங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இசக்கி அன்றைக்கு எனக்குப் போன் செய்தபோது ஒரு வார்த்தை வரவில்லை, வெறும் சிரிப்பு. நடுவில் அழுகை மாதிரியும் இருந்தது. ஒட்டுப் போடவில்லை அக்கா, நிஜமாகவே இரண்டும் கேட்டது. "நாம தினமும் வீடியோவுல பேசுறோமே, உனக்குத் தெரியலையால?" என்றாள். தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? நானும் ஆட்டிக்கொண்டுதானே இருந்திருப்பேன். இரண்டு பேரும் வாரக்கணக்காக ஒருத்தருக்கு ஒருத்தர் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

கச்சாலே நம்பவில்லை. "சிநேகிதியக் காப்பாத்தக் கதை விடுற" என்றார். இவரே ஒரு தாளை எடுத்து வாசித்துப் பார்த்தார். தலை ஆடியது. வேண்டுமென்றே ஆட்டுகிறாள் என்றார். ஆட்டாமல் இருந்து காட்டு என்றார். இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வாசித்தார். முதல் எழுத்து, தலை நின்றது. இரண்டாவது, நின்றது. மூன்றாவது சரியாகச் சொன்னதும் தோளோடு சேர்ந்து ஆடியது.

அவருக்கு மீசை துடித்தது என்றாள். சிரிப்பை அடக்கினாரா, கோபமா என்று தெரியாது. "சரி" என்றார். "நாளைக்கு இதே அறை, இதே நாற்காலி, இதே ரெண்டு பேர். வேற எழுத்துத் தாள். உன் தலை ஆடக்கூடாது. அப்புறமும் பிள்ளைங்க அப்படியே திருத்தினா தப்பு இவ பேர்ல. திருத்தலைன்னா தப்பு உன் தலை பேர்ல."

"அறையில நான் இல்லாம வச்சுப் பாத்தா?" என்றாள் இசக்கி.

"நீ இல்லாதப்ப அவ ஒழுங்கா இருந்தான்னு யாரு சாட்சி?"

நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் விடுதி முற்றத்தில் ஒரே திருவிழா. சோதனைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு தலையை நிறுத்தப் பார்க்கிறார்கள். கன்னத்தில் இரண்டு கையையும் ஊன்றி உட்காரச் சொன்னார்கள், கையும் சேர்ந்து ஆடியது. சால்வையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள், நாற்காலி ஆடியது. ஒருத்தர் தலையில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பார்த்தார், இசக்கி நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் சிகோண்டி எழுந்து வீட்டுக்கு ஓடினாள். அவள் மாமா ஒருத்தர் சைக்கிள் டாக்ஸியில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்து, கழுத்துக்கு ஆஸ்பத்திரியில் பட்டை போட்டிருந்தார். அவருக்குச் சரியாகிவிட்டது, பட்டை சும்மா ஆணியில் தொங்கியது. அதைக் கொண்டுவந்து மாட்டினாள்.

தலை நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். உடனே ஒருத்தி கத்தினாள்: "புருவம்! புருவத்தப் பாருங்க!" தலைக்குப் போக வேண்டிய ஆட்டம் எல்லாம் புருவத்துக்கு ஏறிவிட்டது. சரி என்றால் மேலே, தப்பு என்றால் கீழே. அதற்குக் கச்சாலேதான் வழி சொன்னார். தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டினார். அகலமான கண்ணாடி, புருவத்தை மூடிவிட்டது.

இதே பட்டைதான் அக்கா. ஆமாம், இதேதான்.

மறுநாள் காலையில் இசக்கி அந்த வேஷத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் மாமரத்தடிப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கழுத்தில் பட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பிள்ளைகளுக்குப் புரிந்துபோயிற்று. தங்களுக்காக ஆட்டி ஆட்டித்தான் கழுத்து போய்விட்டது! ஒரு பிள்ளை அவித்த நிலக்கடலையைக் கைநிறையக் கொண்டுவந்து அவள் மடியில் கொட்டியது. இன்னொன்று அவள் நாற்காலியைத் துடைத்துவிட்டது.

முதல் ஆளாகத் தோக்கோ. உட்கார்ந்தது. பட்டையைப் பார்த்தது, கண்ணாடியைப் பார்த்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. சுவர். இரண்டு பக்கமும் சுவர். பெருமூச்சு விட்டதாம், பெரிய மனுஷி மாதிரி. பிறகு வேறு வழியில்லாமல் தாளைப் பார்த்தது. விரலை வைத்து, ஒவ்வொன்றாக, அதற்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தது. உள்ளே இசக்கிக்குக் கழுத்து வலி உயிர் போகிறது. பிள்ளை ஒரு எழுத்தைச் சரியாகச் சொல்லும்போதெல்லாம் பட்டைக்குள் தலை முட்டுகிறது. கண்ணாடிக்குள் கண்ணீர் வேறு.

இங்கே சென்னையில் நான் ஒவ்வொரு பிள்ளையின் கணக்கும் வர வரப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிடப் போகவில்லை. மேனேஜர் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். தோக்கோ: அந்த அறையில் முன்பு மற்ற பிள்ளைகள் வாங்கின மதிப்பெண்ணில் பாதிகூட இல்லை, திருத்தினது ஒன்றே ஒன்று. அடுத்த பிள்ளை: ஒன்றும் திருத்தவில்லை. அதற்கடுத்தது: ஒன்றுமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் சடசடவென்று இறங்குவதைப் பார்த்து ஆபீஸில் எழுந்து நின்று குதித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பக்கத்து சீட்டில் என்னமோ கிரிக்கெட் என்று நினைத்துவிட்டார்கள்.

போன் வந்தது. வீடியோ இல்லை, வெறும் போன்தான். "சொல்லுல. என்ன வந்திருக்கு? சிகோண்டி பக்கத்துலதான் நிக்கா. சீக்கிரம் சொல்லுல!" என்றாள். குதித்த சந்தோஷத்தில் வாயால் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

அவள், "தலைய ஆட்டுத, இல்லியா?" என்றாள்.

பின்னால் சிகோண்டி போட்ட கூச்சல் சென்னைவரைக்கும் கேட்டது.

கச்சாலே எல்லார் முன்னாலும் சிகோண்டியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள், "கல்லூரிக்கு எழுதுவேன்னீங்களே, இப்ப எழுதுங்க. நான் அசையாதவள்னு எழுதுங்க" என்றாளாம். எழுதினார். நானும் ஒரு மெயில் எழுதினேன், நான்கு தடவை அடித்துத் திருத்தி. இந்தத் தடவை அவள் பேரைப் போட்டேன்.

இப்போது நான் போகிறேன். அடுத்த வாரம் விமானம். அதனால்தான் இந்தப் பழக்கம். பட்டை இசக்கி கொடுத்தது. அங்கிருந்து வரும்போது சிகோண்டி மாமா அவளுக்கே கொடுத்துவிட்டாராம். அதை அவள் துவைத்து, ஓரம் பிரிந்திருந்ததைத் தைத்து, உள்பக்கம் கழுத்து உறுத்தாமல் இருக்கப் பழைய சேலைத் துணி வைத்து, கூரியரில் அனுப்பினாள். என் கழுத்து அளவு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை. கச்சிதமாக இருக்கிறது பாருங்கள்.

இப்போதா? வள்ளியூருக்குத்தான் போகிறேன். திரும்பி வந்ததிலிருந்து அவள் அங்கே வீட்டில் இருந்தபடியேதான் வேலை பார்க்கிறாள். சோதனையில் சில சந்தேகங்கள், அவளிடம் கேட்க வேண்டும். போனில் கேட்கலாம்தான், ஆனால் சில சந்தேகங்களை நேரில் கேட்டால்தான் தெளிவாகும். இந்தப் பையா? கடலை மிட்டாய், அவள் அம்மாவுக்கு. வெறுங்கையோடு போகக் கூடாது இல்லையா. இதுவா, இது மல்லிகைப்பூ. பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டாள். ஏன் சிரிக்கிறீர்கள்? இல்லை அக்கா, பெண் பார்க்கவெல்லாம் இல்லை. சந்தேகம் கேட்கத்தான். ஆமாவா இல்லையா என்று தலையாட்டச் சொல்லாதீர்கள், பட்டை இருக்கிறது.

நாங்குநேரி தாண்டிவிட்டதா? அப்படியானால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் நம்பவே இல்லை. அங்கே வகுப்பில் ஒரு பிள்ளை சரியாக வாசித்தால் வாத்தியார் எல்லாரையும் கைதட்டச் சொல்வார், அதற்கு ஒரு தாளம்கூட உண்டு. அந்தப் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பில் அந்தக் கைதட்டலையே விட்டுவிட்டார்கள் என்றாள். அதற்குப் பதிலாக என்ன செய்கிறார்கள் என்றும் சொன்னாள். "சும்மா அளக்காத" என்றேன். "வேணும்னா சரிபாத்துக்கோ. அதுதான உன் வேலை?" என்றாள்.

சரிபார்த்தேன் அக்கா. முந்தாநாள் வீடியோவில். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது சிகோண்டி. கல்லூரியில் சேர்ந்து, பயிற்சிக்கு அதே பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். தோக்கோ கரும்பலகை முன்னால் வந்து நின்றது, முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முழு வரியை விரல் வைத்து வாசித்து முடித்தது. யாரும் கைதட்டவில்லை. மாமரத்தடி முழுக்க அத்தனை தலையும், சத்தமே இல்லாமல், இடமும் வலமும் ஆடியது. நம்ம ஆட்டம்தான், கொஞ்சமும் பிசகு இல்லை.